அடுத்தவர் சலிப்பு

நம்பிராஜனின் பிழைப்பைக் கெடுத்தது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன வில்லை. நெற்றிப் பொட்டு அளவுதான் இருக்கும்.

அதற்கு முன்னால் அவன் சென்னையில் ஓரளவு பெயர் வாங்கிய ஆள். நேரத்தை வீணடிக்காமல் உழைப்பது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவன் தொழில். பெரிய அலுவலகங்கள் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுக்கும். விடியுமுன் எழு, பச்சைத் தண்ணீரில் குளி, ஒவ்வொரு நாளையும் நான்காக வெட்டு, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துப் பூட்டு என்று முழங்குவான். ஊழியர்கள் கைதட்டிவிட்டு, இடைவேளைச் சமோசாவைத் தின்றுவிட்டு, மறுநாளும் வழக்கம்போலத் தாமதமாகவே எழுந்தார்கள். சில மாதம் கழித்து அதே அலுவலகம் அவனை மறுபடி அழைக்கும். யாரும் திருந்தாமல் இருந்ததுதான் அவனுடைய மூலதனம்.

அப்போது ‘இன்பணி’ என்ற நிறுவனம் அந்த வில்லையைக் கொண்டுவந்தது. ‘வேலை இனிக்கும், உடம்பு களைக்காது’ என்று பேருந்துகளின் முதுகில் எல்லாம் விளம்பரம். அது பொய்யில்லை என்பதுதான் கொடுமை. வில்லை ஒட்டியவர்களுக்கு வேலை அலுக்கவே இல்லை. கணக்குப் பிரிவில் சீட்டியடித்தபடி கூட்டல் போட்டார்கள். போனில் வாடிக்கையாளர் கெட்ட வார்த்தையில் திட்டினால், “வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?” என்று உண்மையான ஆசையோடு கேட்டார்கள். உடம்பு ஓயும் நேரத்தில் தானாக ஒரு இதமான மயக்கம் வரும். சற்று நேரம் கண்ணை மூடிவிட்டு, சிரித்த முகத்தோடு மறுபடி ஆரம்பிப்பார்கள். ஒருவரும் நோயில் விழவில்லை, ஒருவரும் ராஜினாமா செய்யவில்லை. இனி இந்த நாட்டில் யாருக்கு வேண்டும் பச்சைத் தண்ணீர்?

கூப்பிட்டுக்கொண்டிருந்த அலுவலகங்கள் ஒவ்வொன்றாக மறந்துபோயின. இதை அவன் மனைவியிடம் சொல்லவில்லை.

செண்பகவல்லி கிண்டியில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். நோயாளிகள் அனுப்பும் விண்ணப்பங்களைப் படித்து, ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் பிரிவு. கோவில்பட்டிக்காரி, கோபக்காரி. கல்யாணமான புதிதில் மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே பொரிந்துகொண்டு வருவாள்.

“ஒரு எழுத்து மாறிப்போச்சாம். அதுக்காக ஒரு மனுசனோட கண் ஆப்பரேசனை நிறுத்திட்டானுவ!”

நம்பிராஜன் நிதானமாகச் சொல்வான்: “கோவம் உன் சாயங்காலத்தைத் தின்னுருது செண்பகம். அந்த நேரத்துல நீ ஒரு மொழி கத்துக்கிடலாம்.”

வருடங்கள் போகப் போக அவள் பொரிவதை நிறுத்திக்கொண்டாள். தன் போதனை பலித்துவிட்டது என்று அவன் மகிழ்ந்தான். அந்த உதாரணத்தைப் பெயரை மட்டும் மாற்றி மேடைகளிலும் சொன்னான்.

இப்படிப்பட்ட ஒருவன், தனக்கு வேலை இல்லை என்று அவளிடம் போய் எப்படிச் சொல்வான்? தேய்த்த சட்டையோடு தினமும் வெளியே கிளம்பினான். பூங்காவில் உட்கார்ந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ‘சும்மா இருக்கத் தெரிந்தவர்கள் தேவை.’

இடம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூடிப்போன ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. அவனை நேர்காணல் செய்தவள் நஸ்ரின் என்ற இளம் பொறியாளர். இன்பணியில் வேலை பார்ப்பவள். ஆனால் அவள் காதுக்குப் பின்னால் வில்லை இல்லை என்பதை நம்பிராஜன் கவனித்தான்.

“என்ன வேலைங்க?”

“ஒண்ணும் செய்யாம உக்காந்திருக்கணும் சார். முடியுமா?”

இத்தனை வருடம் எந்தப் பாவத்துக்கு எதிராகப் பிரசாரம் செய்தானோ, அதையே சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள். “முடியும்” என்றான்.

“வில்லை போட்டவங்களுக்கு அலுப்பே வர்றதில்ல. அப்போ அந்த அலுப்பு எங்க போகுதுன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா?”

“அழிச்சுடுவீங்கன்னு நினைச்சேன்.”

“முதல்ல அப்படித்தான் செஞ்சு பாத்தாங்க. ஒரு குரங்குக்கு. அது சந்தோஷமா கூண்டுல ஒரே கம்பியைத் தேச்சுக்கிட்டே இருந்துச்சு. சாப்பிடல, தூங்கல. தேச்சுக்கிட்டே செத்துப்போச்சு.” நஸ்ரின் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். “அலுப்புங்கறது மூளை அடிக்கிற மணி சார். யாராவது ஒருத்தர் ‘சரி, கேட்டுட்டேன்’னு சொன்னாத்தான் அடங்கும். ஆனா கேட்டது யாருங்கறதப் பத்தி அதுக்குக் கவலை இல்ல. அதனால அங்க அடிக்கிற மணியை இங்க கொண்டுவந்துட்டோம்.”

“இங்க யாரு கேப்பா?”

“நீங்கதான்.”

தலையில் ஒரு தொப்பி மாட்டுவார்கள். எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவருக்கு வரவேண்டிய சலிப்பு அதன் வழியாக இவன் தலையில் இறங்கும். நாற்காலியின் கைப்பிடியில் ஒரு பச்சைப் பொத்தான். இனித் தாங்காது என்று தோன்றினால் அழுத்தலாம். அப்போது அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு இதமான மயக்கம் வந்து, சற்று ஓய்வெடுப்பார்.

“உடம்பு களைக்காதுன்னு விளம்பரத்துல வருதே, அது இதுதானா?” என்றான் நம்பிராஜன்.

“ஆமா சார். அவங்க களைக்கிறதுக்கு முன்னாடி நீங்க களைச்சுடுவீங்க.”

விதிகள் எளிமையானவை. படிக்கக் கூடாது, பாட்டுக் கேட்கக் கூடாது, தூங்கக் கூடாது. வேலை நேரத்தில் தொப்பியைக் கழற்றவே கூடாது; கழற்றினால், அவன் சுமந்துகொண்டிருப்பது எல்லாம் மொத்தமாகச் சொந்தக்காரரிடமே திரும்பிப் போய்விடும். வீட்டுக்குப் போன் பேச மட்டும் அனுமதி உண்டு. அதனால் சலிப்பு கொஞ்சமும் குறைவதில்லை என்று ஆராய்ச்சியில் தெரிந்திருந்தது.

பதவியின் பெயர் ‘உணர்வுச் சமநிலை அலுவலர்’. கூடத்தில் இருந்தவர்கள் தங்களை இடிதாங்கி என்று சொல்லிக்கொண்டார்கள்.

பக்கத்து நாற்காலியில் வேதநாயகம் என்ற ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். மனிதர் சலிப்பை ருசி பார்த்துப் பேர் சொல்வார். “இன்னைக்கு வந்திருக்கறது ஆடிட்டர் ஆபீஸ் தம்பி. நாக்குல சுண்ணாம்பு தடவின மாதிரி இருக்கு.” இன்னொரு நாள் திடுக்கிட்டு எழுந்து, “பள்ளிக்கூட வாத்தியாருக்கும் இதை ஒட்டிட்டாங்க போல. ஒரே வாய்ப்பாடு திரும்பத் திரும்ப வருது” என்றார்.

நம்பிராஜனுக்கு வந்த சலிப்பு கனமானது. ஈரச் சாக்கைப் பிடரியில் போட்டது மாதிரி இருக்கும். பகலில் ஆரம்பித்தால் மாலை தாண்டியும் விடாது. வில்லைக்காரர்கள் பலர் வீட்டுக்குப் போனபிறகும் அதைக் கழற்றுவதில்லை என்று நஸ்ரின் சொல்லியிருந்தாள்.

ஒரு மாலை தொப்பியோடு உட்கார்ந்தபடியே மனைவிக்குப் போன் செய்தான்.

“வந்துட்டியா?”

“இப்பத்தான் வந்தேன். செருப்பைக்கூடக் கழட்டல.”

“இன்னைக்கு ஒரு கிளையண்ட்கிட்ட ஒரு விசயம் சொன்னேன் செண்பகம். மனுசன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஃபிரிட்ஜைச் சும்மா திறந்து பாக்கான்னு நீ யோசிச்சிருக்கியா? அதுல மூணு விசயம் இருக்கு. முதலாவது...”

முதலாவதைச் சொல்லும்போதே பிடரி கனத்தது. இரண்டாவதில் தோள்கள் இறங்கின. மூன்றாவதை ஆரம்பித்தபோது அவனால் அவன் குரலையே தாங்க முடியவில்லை. யாராவது இந்த ஆளின் வாயை மூடுங்களேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கை தானாகப் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தியது. சுமை சட்டென்று நின்றது.

“என்னங்க,” என்றாள் செண்பகவல்லி மறுமுனையில், “எனக்குக் கண்ணைச் சொருகுது. வச்சிருதேன், என்ன?”

போன் அடங்கியது. நம்பிராஜன் பொத்தானைப் பார்த்தான், கைப்பேசியைப் பார்த்தான், மறுபடி பொத்தானைப் பார்த்தான்.

மறுநாள் வந்ததும் நஸ்ரினிடம் போய் நின்றான். “என் லைன்ல இருக்கறது யாரு?”

“சொல்லக் கூடாது சார்.”

“கிண்டியில இருக்கிற மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிதானே?”

நஸ்ரின் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டென்று அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“பேரு ‘செ’ல ஆரம்பிக்குதா?”

“சார், என் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க.”

அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தேவைப்படவில்லை. தன் மனைவியின் சலிப்பைத்தான் இத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறான். பகலில் வருவது அவளுடைய வேலையின் சலிப்பு. மாலையில் வருவது அவன்.

வேறு ஒருவனாக இருந்தால் உடைந்து போயிருப்பான். நம்பிராஜனும் ஒரு நாள் முழுக்க உடைந்துதான் போனான். அப்புறம் தொழில் புத்தி தலைதூக்கியது. உலகத்தில் எந்தக் கணவனுக்கும் கிடைக்காத ஒரு வசதி தனக்குக் கிடைத்திருக்கிறது, இதை வைத்துத் தன்னை மேம்படுத்திக்கொள்ளலாமே என்று தோன்றியது. தினமும் மாலையில் விதவிதமாகப் பேசிப் பார்த்தான். நல்ல பழக்கங்கள் பற்றிப் பேசினால் ஈரச் சாக்கு. அவள் அண்ணனைப் பற்றிப் பேசினால் இரண்டு சாக்கு. பத்திரிகைச் செய்தியைச் சொன்னாலும் சாக்குதான். ஒரு நாள் பேச விஷயம் இல்லாமல், வேதநாயகத்தை ஒரு கிளையண்ட் என்று பொய் சொல்லி, அவர் சுண்ணாம்பு என்றதையும் வாய்ப்பாடு என்றதையும் அப்படியே நடித்துக் காட்டினான். செண்பகவல்லி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று! அந்தச் சிரிப்பில் பிடரியின் கனமே அவனுக்கு மறந்துபோயிற்று.

அதன்பிறகு போதனையை விட்டான். அன்றன்று பார்த்ததைச் சொன்னான். சிலசமயம் ஒன்றும் சொல்லாமல் அவள் சொல்வதற்கு ‘ம்’ கொட்டினான். போன் பேச்சு நீண்டது. தன் வாழ்க்கையிலேயே உருப்படியாகச் செய்த முதல் முன்னேற்றம் இது என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது.

பிரச்சினை ஒரு மத்தியானம் வந்தது. அன்று தொப்பியில் இறங்கியது சாக்கு இல்லை. நெஞ்சுக்குழியில் கல்லைப் போட்டுத் திருகுவது மாதிரி இருந்தது. யாரோ கெஞ்சிக்கொண்டிருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பது மாதிரி ஒரு கூச்சம். அவனுக்கு வியர்த்தது. பொத்தானை அழுத்தினான். நின்றது, கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

நஸ்ரினைக் கூப்பிட்டான். “இது அலுப்பு இல்லம்மா. வேற என்னமோ.”

அவள் திரையைப் பார்த்தாள். முகம் மாறவில்லை. “தெரியும் சார். சில லைன்ல வரும்.”

“என்ன இது?”

“குற்ற உணர்ச்சின்னு வெச்சுக்கங்க. மிஷினுக்கு அதுவும் அலுப்பும் ஒண்ணுதான். ‘இதைச் செய்யாதே’ன்னு மனசு சொல்ற எல்லாமே ஒரே வயர்லதான் வருது. தனித்தனியா பிரிக்க எங்களுக்குத் தெரியல.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பிரிக்கச் சொல்லி எந்தக் கம்பெனியும் கேக்கவும் இல்ல.”

“அதனாலதான் நீங்க வில்லை போட்டுக்கலையா?”

நஸ்ரின் அடுத்த வரிசைக்குப் போனாள்.

நம்பிராஜன் கண்ணை மூடினான். கிண்டியில், குளிரூட்டிய அறையில், செண்பகவல்லி சிரித்த முகத்தோடு யாருக்கோ சிகிச்சையை மறுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் மனம் வேண்டாம் வேண்டாம் என்று மணி அடிக்கிறது. அது அவளுக்குக் கேட்கவில்லை. அம்பத்தூரில் அவள் புருஷனுக்குக் கேட்கிறது. ஒரு எழுத்துக்காக வீடு அதிரச் சத்தம் போட்டவள் அவள். அந்தச் சத்தத்தை முதலில் அடக்கியது வில்லை இல்லை, தான்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கல் மறுபடி திருகியது. இரண்டு கையாலும் தொப்பியைப் பிடுங்கிக் கழற்றினான்.

கூடத்தில் அபாய மணி ஒலித்தது. வேதநாயகம், “தம்பி, மாட்டு, மாட்டு!” என்று பதறினார். நஸ்ரின் ஓடிவந்தாள். “என்ன காரியம் செஞ்சீங்க சார்! அத்தனையும் ஒரே அடியா அவங்க தலையில போய் விழுந்திருக்கும்.”

“விழட்டும். அவளோடதுதானே?”

அன்றே அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். வெளியே வந்து, பேருந்து பிடித்து, மேடவாக்கம் வீட்டுக்குப் போனான். சோறு வடித்தான். அவளுக்குப் போன் செய்யக் கை வரவில்லை. வாசல் கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

செண்பகவல்லி இருட்டும் வேளைக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் முகத்தில் பழைய கோவில்பட்டி ஏறியிருந்தது. பையை வீசிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“சொல்லணும்” என்றான் நம்பிராஜன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். தொழில் போனது, பூங்கா, தொப்பி, பொத்தான், போனில் செய்த சோதனைகள், கடைசியில் தொப்பியைக் கழற்றியது. “உன்னைக் கேக்காம உன் தலைக்குள்ள இருந்துட்டேன். திரும்பவும் உன்னைக் கேக்காமலே மொத்தத்தையும் தூக்கி உன் மேல போட்டுட்டேன். மன்னிச்சிரு.”

செண்பகவல்லி நாற்காலியில் நிமிர்ந்தாள்.

“என் தலைக்குள்ளயா? நான் அந்த வில்லையை ஒட்டவே இல்லியே!”

“இல்ல செண்பகம், உன் பேருலதான்...”

“பேரு என் பேருதான். ஆபீஸ்ல எல்லாரும் கட்டாயம் வாங்கணும்னாங்க, வாங்கிக்கிட்டேன். பக்கத்து சீட்டுப் பையன் கிளாட்சன் கெஞ்சுனான். ‘அக்கா, உங்களுக்கு வேண்டாம்னா எனக்குத் தாங்க’ன்னான். அவனுக்கு ஒண்ணு பத்தலையாம். ரெண்டு காதுலயும் ஒட்டிக்கிட்டு மூணு ஆளு வேலையைப் பாத்தான். தினமும் இருட்டுத வரைக்கும் ஆபீஸ்லதான் கெடப்பான். போன மாசம் அவனுக்கு மாலை போட்டு கேடயம் குடுத்தாங்க.”

நம்பிராஜன் மெதுவாக உட்கார்ந்தான்.

“இன்னைக்கு மத்தியானம் பாட்டுப் பாடிக்கிட்டே தட்டிக்கிட்டிருந்தவன், சூடு பட்ட மாதிரி எந்திரிச்சு நின்னான். திரையைப் பாத்துக்கிட்டே நிக்கான். சாத்தூர்ல ஒரு பிள்ளைக்கு இருதய ஆப்பரேசன். அப்பன் பேருக்கு முன்னால இனிசியல் இல்லைன்னு மறுத்திருக்கான். ‘அக்கா, இதை நானா செஞ்சேன்?’ன்னு கேட்டான். ரெண்டு வில்லையையும் பிச்சு எறிஞ்சுட்டு அழுதான் பாருங்க, அப்படி ஒரு அழுகை.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? கதவைச் சாத்திக்கிட்டு அவன் மறுத்த அத்தனையையும் திரும்பத் திறந்தோம். நியாயமானதுக்கெல்லாம் என் பேருல ஒப்புதல் போட்டுட்டேன். மேனேஜர் கதவைத் தட்டிக்கிட்டே கெடந்தான். ஆஸ்பத்திரிக்கெல்லாம் தகவல் போயிட்டு. இனி அவனால திரும்ப வாங்க முடியாது. ரெண்டு பேரையும் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த வாரம் இன்பணி பத்திரிகைகளில் வருத்தம் தெரிவித்தது. கிண்டி வாடிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் ‘சிறிய அளவில் மனசாட்சிக் கசிவு’ ஏற்பட்டதாகவும், உடனடியாகச் சரிசெய்யப்பட்டதாகவும் அறிக்கை. தொப்பிகளுக்குத் தாடைக்குக் கீழே பூட்டு வைத்தார்கள். பங்குச் சந்தையில் இன்பணியின் மதிப்பு ஏறியது. அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று மாலை நம்பிராஜனுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. “நீ வில்லையே போடலைன்னா, இத்தனை நாளா எப்படி அலுக்காம அந்த வேலையைச் செஞ்ச?”

“அலுக்கத்தான் செய்யும். அலுத்தா எந்திரிச்சுப் போய் டீ குடிப்பேன். அநியாயமா இருந்தா மேனேஜர்கிட்ட சண்டை போடுவேன். ரெண்டு நாளு நல்லாருக்கும். திரும்ப அலுக்கும், திரும்ப டீ. இதுல என்ன வித்தை இருக்கு?”

“என்கிட்ட எதையும் சொல்லவே இல்லியே. கோவத்தையெல்லாம் விட்டுட்டேன்னுல்ல நினைச்சேன்.”

“கோவத்தை விடல. உங்ககிட்டச் சொல்லுததைத்தான் விட்டேன்.”

நம்பிராஜன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, ஒரு சின்ன நம்பிக்கை எட்டிப் பார்க்க, கேட்டான்.

“அப்போ அன்னைக்குப் போன்ல எனக்கு வந்த அலுப்பு உன்னோடது இல்ல. கிளாட்சனோடது. என் பேச்சு உனக்கு அலுக்கல, அப்படித்தானே?”

“அலுக்காம என்ன? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க முன்னாலயே கொட்டாவி விட்டுக்கிட்டுத்தான இருக்கேன். ஒரு நாளாவது என் மூஞ்சியைப் பாத்திருந்தா, இதுக்கெல்லாம் அம்பத்தூருக்குப் போயிருக்க வேண்டாம்.”

நம்பிராஜன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவனைப் பார்த்தபடியே, வாயைக்கூட மூடிக்கொள்ளாமல், நிதானமாக ஒரு கொட்டாவி விட்டாள் செண்பகவல்லி.